கரடிச்செவி மலரின் பிறப்பிடம்

1583ஆம் ஆண்டில் ஆண்ட்வெர்ப் நகரிலுள்ள பிளாண்டின் அச்சகத்திலிருந்து இலத்தீன் மொழியில் ஒரு நூல் வெளிவந்தது. ஆஸ்திரியா, ஹங்கேரி ஆகிய நாடுகளிலும் அவற்றை அடுத்த நிலங்களிலும் வளரும் அரிய செடிகளைப் பற்றியது அந்நூல். ஆசிரியர் கரோலஸ் கிளூசியஸ் என்னும் பேரறிஞர். ஆல்ப்ஸ் மலையின் பாறை வெடிப்புகளில் வேரூன்றி, ஒரு சாண் உயரத்துக்கு மேல் வளராமல், பனி உருகியதும் கொத்துக் கொத்தாகப் பூக்கும் சிறு செடிகள் சிலவற்றை அவர் அந்நூலில் எண்ணிட்டு விளக்கினார். அவற்றுள் முதலாவது மஞ்சள் நிறப் பூவுடையது. அதனை அவரே மலைமீது கண்டார். இரண்டாவது செந்நிறப் பூவுடையது. அதனை அவர் எந்த மலையிலும் கண்டதில்லை. வியன்னாவில் தம் நண்பரும் மருத்துவப் பேராசிரியருமான ஐக்ஹோல்ட்ஸ் என்பவரின் தோட்டத்திலேதான் கண்டார்.

இச்செடி எங்கிருந்து வந்தது என்று கிளூசியஸ் வினவினார். இன்ஸ்புருக் நகரை அடுத்த மலைகளில் இது மிகுதியாக வளர்கிறது என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. அவர் ஆஸ்திரிய மலைகளில் தேடினார். ஸ்டைரிய மலைகளிலும் தேடினார். செடி அகப்படவில்லை. தோட்டத்தில் செழித்து நிற்கும் செடிக்குக் காட்டில் தாய்வீடு இல்லாதது ஒரு புதிராகவே நின்றது. அப்புதிர் அவிழ ஏறத்தாழ 300 ஆண்டுகள் சென்றன. அதுவரையில் இடைநின்ற தடைகள் யாவை, அவை எவ்வாறு நீங்கின என்பதே இந்தச் சிறு மலரின் வரலாறு. ஒன்றுபோல் தோன்றும் இனங்களை எந்த அடையாளத்தால் பிரித்தறிவது என்ற பெரிய வினாவும் இவ்வரலாற்றுக்குள் அடங்கியிருக்கிறது.

கிளூசியஸ் கண்டதும் காணாததும்

கிளூசியஸ் 1526ஆம் ஆண்டில் ஆராஸ் என்னும் ஊரில் பிறந்தார். பேரரசர் இரண்டாம் மாக்சிமிலியன் 1573இல் அவரை வியன்னாவுக்கு அழைத்து அரண்மனைத் தோட்டப் பணியில் அமர்த்தினார். அப்பேரரசர் 1576இல் மறைந்தார். அடுத்து வந்த இரண்டாம் ருடால்ஃப் காலத்தில் கிளூசியஸ் தம் பதவியை இழந்தார். எனினும் அவர் 1588 வரையில் வியன்னாவிலேயே தங்கி, நகரைச் சூழ்ந்த மலைகளில் ஏறிச் செடிகளை ஆராய்ந்தார். பிற்காலத்தில் ஹாலந்து நாட்டின் லைடன் நகரில் பல்கலைக்கழகத் தோட்டத்தை உருவாக்கியவரும், அங்கே தூலிப் மலரைப் பயிரிட்டுப் புகழ்பெற்றவரும் இவரே. 1609இல் லைடனிலேயே காலமானார்.

அக்காலத்து அறிஞர் பலர் செடிகளைப் பழைய கிரேக்க, இலத்தீன் நூல்களில் கூறப்பட்ட மூலிகைகளோடு பொருத்திப் பார்ப்பதிலேயே காலத்தைச் செலவிட்டனர். கிளூசியஸோ மலைமீது ஏறி, கண்ணால் கண்டதை எழுதினார். கண்டதைக் கண்டேன் என்றும், காணாததைக் காணவில்லை என்றும் எழுதிய நேர்மை அவருடைய நூலின் தனிச் சிறப்பாகும். செந்நிறச் செடியைத் தேடியும் மலையில் காணவில்லை என்று அவர் குறித்து வைத்ததனால்தான், பின்வந்தோர்க்கு அப்படி ஒரு வினா உண்டு என்பதே தெரிந்தது. தோட்டத்தில் உள்ளது மலையிலும் இருக்கத்தான் செய்யும் என்று அவர் மேலெழுந்தவாரியாக எழுதியிருந்தால், வினாவே மறைந்து போயிருக்கும்.

பெயரின் பொருள்

இச்செடிகளை அக்காலத்தார் ‘ஆரிக்குலா உர்சி’ என்று இலத்தீனில் அழைத்தனர். ‘ஆரிக்குலா’ என்றால் சிறு செவி. ‘உர்சி’ என்றால் கரடியினுடையது. தடித்து, முனை உருண்டு, அடியில் வட்டமாக விரிந்து கிடக்கும் இலை கரடியின் காதுபோல் தோன்றியதால் வந்த பெயர் இது. தமிழில் கரடிச்செவி எனலாம். செங்குத்தான பாறைகளில் மலையாடுகளைத் துரத்திச் செல்லும் வேடர்கள், தலைசுற்றல் வாராதிருக்க இச்செடியின் வேரை நாடினர் என்று பழைய மூலிகை நூல்கள் கூறுகின்றன. ஆங்கிலேயரான ஜெரார்டு 1597இல் வெளியிட்ட மூலிகை நூலிலும் கரடிச்செவி இடம்பெற்றுள்ளது.

ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் செடிகள் அனைத்துக்கும் இரு சொற்பெயர் இடும் முறையைத் தம் பெருநூலில் நிலைநாட்டினார். அப்போது கரடியை விட்டுச் செவியை மட்டும் எடுத்துக்கொண்டு, மஞ்சள் மலருக்குப் ‘பிரிமுலா ஆரிக்குலா’ என்று பெயரிட்டார். ‘பிரிமுலா’ என்பது முதலில் பூப்பது என்ற பொருளில் வந்த பேரினப் பெயர்.

தோட்டத்தில் பெருகிய வண்ணங்கள்

கிளூசியஸ் தம் நண்பர்களுக்கு விதைகளையும் செடிகளையும் அனுப்பும் வழக்கமுடையவர். கரடிச்செவியும் அவ்வாறு நெதர்லாந்துப் பகுதிக்குச் சென்றது. 17ஆம் நூற்றாண்டில் அது மேலை ஐரோப்பாவெங்கும் தோட்டங்களில் பரவியது. மஞ்சள், சிவப்பு, ஊதா, செங்கல் நிறம், பழுப்பு என எண்ணற்ற வண்ணங்களில் பூத்தது. விதை போட்டவன் என்ன நிறம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒரே காயின் விதைகளிலிருந்து பல நிறச் செடிகள் எழுந்தன.

இங்கிலாந்தில் இம்மலரை வளர்த்தவர்களுள் செல்வரைவிட உழைப்பாளிகளின் பெயரே சிறந்து விளங்குகிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் லங்காஷயர் பகுதியின் நெசவாளர்கள் தறியை அடுத்த சிறு முற்றத்தில் இதனை வளர்த்துப் போட்டிகளில் வைத்தனர். இதன் பூவிலும் இலையிலும் மாவு தூவியதுபோல் வெண்பொடி படிந்திருக்கும். ஒரு மழை பெய்தால் அப்பொடி கரைந்து அழகு கெட்டுவிடும். ஆகவே கூரையிட்ட படிக்கட்டுத் தட்டுகளில் தொட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்தனர். அத்தட்டுகளை மலர் அரங்கு என்றே அழைத்தனர். 18ஆம் நூற்றாண்டின் இடையில் இதழோரம் பச்சை நிறமாக மாறிய வகைகளும் தோன்றின.

இவ்வளவு வண்ணங்களும் எங்கிருந்து வந்தன? மஞ்சள் நிறக் காட்டுச்செடி தோட்டத்து மண்ணும் எருவும் பெற்று மனிதர் பேணியதனால் பல நிறங்களாக மாறிற்று என்று தோட்டக்காரர் நம்பினர். தாவர நூலாரும் பெரும்பாலும் அவ்வாறே எழுதினர். எல்லாமே பிரிமுலா ஆரிக்குலாவின் வகைகள் என்பதே பொதுவான முடிவாக இருந்தது. கிளூசியஸ் தேடிய செந்நிறச் செடியைப் பற்றிய வினா மெல்ல மறக்கப்பட்டது.

எவ்வேறுபாடு இனத்தைக் காட்டும்?

இம்முடிவில் ஒரு பிழை இருந்தது. நிறத்தை வைத்து ஒன்றாக்குவதும் நிறத்தை வைத்து வேறாக்குவதும் ஒருங்கே தவறாகலாம் என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. பாறைச் செடிகளில் கண்ணுக்கு முதலில் படும் வேறுபாடுகள் பல, இனத்தைக் காட்டும் வேறுபாடுகள் ஆகமாட்டா.

வெண்பொடியை எடுத்துக்கொள்ளலாம். பிரிமுலா ஆரிக்குலாவின் இலை சில மலைகளில் வெள்ளையடித்தாற்போல் பொடி படிந்திருக்கும். வேறு சில மலைகளில் பொடியே இல்லாமல் பச்சையாக இருக்கும். இரண்டும் ஒரே இனமே.

பூவின் நடுவிலே காணும் வேறுபாடு இன்னும் வியப்பானது. சில செடிகளில் சூல்தண்டு நீண்டு, அதன் உருண்டை முனை குண்டூசித் தலைபோல் பூவின் வாயில் தெரியும். வேறு சில செடிகளில் சூல்தண்டு குட்டையாகி உள்ளே மறைய, மகரந்தப் பைகள் வாயில் வட்டமாக நிற்கும். முதல் வகையைக் குண்டூசிக் கண் என்றும், இரண்டாம் வகையைத் தறியில் எஞ்சும் நூல் நுனிகளுக்கு ஒப்பிட்டு இழைக்கண் என்றும் ஆங்கிலத் தோட்டக்காரர் அழைத்தனர். போட்டியில் இழைக்கண் மலருக்கே மதிப்பு. குண்டூசிக் கண் மலரைத் தள்ளிவிடுவர். ஆனால் இவை இரண்டும் ஒரே இனத்தின் இருவகைப் பூக்கள் என்பதையும், ஒரு வகைப் பூவின் மகரந்தம் மற்றொரு வகைப் பூவைச் சேர்வதற்காகவே இந்த அமைப்பு உள்ளது என்பதையும் டார்வின் 1862இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார்.

அப்படியானால் நம்பத்தக்க அடையாளம் எது? இலையின் விளிம்பும் இலைமேல் உள்ள மயிருமே பெரிதும் துணைசெய்கின்றன. பிரிமுலா ஆரிக்குலாவின் இலை தடித்தது. தொட்டால் வழவழப்பாக இருக்கும். அதன் விளிம்பைச் சுற்றிக் குருத்தெலும்புபோல் வெளிறிய கரை ஒன்று ஓடும். அதன் மயிர்கள் கண்ணுக்குப் புலப்படாத அளவு குறுகியவை. பூ மஞ்சள் நிறமும் நறுமணமும் உடையது.

இதற்கு உறவான மற்றொரு செடி ஆல்ப்ஸ் மலையிலும் பிரனீஸ் மலையிலும் வளர்கிறது. இத்தாலியின் தூரின் நகரைச் சேர்ந்த அல்லியோனி என்பார் 18ஆம் நூற்றாண்டில் இதற்குப் ‘பிரிமுலா ஹிர்சூட்டா’ என்று பெயரிட்டார். ‘மயிர் நிறைந்தது’ என்பது அதன் பொருள். இதன் இலைமுழுதும் பசை சுரக்கும் மயிர்கள் அடர்ந்திருக்கும். விரலை வைத்தால் ஒட்டும். வெண்பொடி இராது. பூ ஊதா கலந்த சிவப்பு. நடுவில் வெண்மையான கண் இருக்கும். பூந்தண்டு குட்டையாகி இலைகளுக்கிடையே அடங்கி நிற்கும். இதனோடு மயங்கத்தக்க வேறு இரு செடிகளும் உண்டு. பிரிமுலா வில்லோசா, பிரிமுலா டாவோனென்சிஸ் என்பன அவை. இவற்றின் மயிர் நுனிகள் செம்பழுப்பு நிறமானவை. பூந்தண்டு பெரும்பாலும் இலைகளுக்கு மேலே உயர்ந்து நிற்கும். மூன்றின் பூக்களையும் மட்டும் பறித்துக் கையில் கொடுத்தால் தேர்ந்தவர்கூடத் தடுமாறுவர். இலையோடும் மயிரோடும் சேர்த்துப் பார்த்தால்தான் தெளிவு பிறக்கும்.

பாறை சொன்ன செய்தி

செடியின் உடம்பில் உள்ள அடையாளங்களோடு, செடி நிற்கும் இடமும் ஓர் அடையாளம் என்பதை 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் உணரத் தொடங்கினர். ஆல்ப்ஸ் மலைத்தொடர் ஒரே கல்லால் ஆனதன்று. கிழக்கு ஆல்ப்ஸின் வடக்குத் தொடரிலும் தெற்குத் தொடரிலும் சுண்ணாம்புக்கல் மிகுதி. மலேசியாவில் பத்துமலையைக் கண்டவர்கள் சுண்ணாம்புக்கல் மலையின் வெண்மையான செங்குத்துப் பாறைகளையும் குகைகளையும் அறிவர். அக்கல்லின் இனத்ததே அது. நடுத்தொடரிலோ சுண்ணாம்பு குறைந்து சிலிக்காச் சத்து மிகுந்த நைஸ் பாறையும், ஏடு ஏடாகப் பிளக்கும் படலப்பாறையும், கருங்கல்லும் மிகுதி.

கிட்ஸ்பூயல் என்னும் மலையூரில் மருத்துவராக இருந்த ஃபிரான்ஸ் உங்கர் இவ்விரு பாறைகளின்மீதும் நடந்து நடந்து செடிகளைக் குறித்தார். நிலம் செடிகளின் பரவலை எவ்வாறு ஆள்கிறது என்பதைப் பற்றி அவர் 1836இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு வகைக் கல்லைவிட்டு அகலாத செடிகள், ஒரு வகைக் கல்லை விரும்பினாலும் பிறவற்றிலும் வளரும் செடிகள், எந்தக் கல்லாயினும் வேறுபாடு பாராத செடிகள் என அவர் மூவகையாகப் பிரித்தார். பிரிமுலா ஆரிக்குலா சுண்ணாம்புப் பாறையை நாடுவது. ஹிர்சூட்டா சிலிக்காப் பாறையை நாடுவது. ஒரே வீட்டின் உடன்பிறந்தார் இருவர் இரண்டு ஊர்களில் குடியேறியதுபோல், உறவுடைய இரு செடிகள் இரண்டு கற்களைப் பங்கிட்டுக்கொண்டன.

இவ்வாறு பங்கிட்டுக்கொள்வது கரடிச்செவிகளோடு நிற்கவில்லை. ஆல்ப்ஸின் பெருநீல மலராகிய ஜென்ஷியானா அக்காலிஸ் என்பதை லின்னேயஸ் ஒரே இனமாகக் கொண்டார். பின்னர் அதில் இரண்டு இனங்கள் அடங்கியிருப்பது தெரிந்தது. சிலிக்கா நிலத்துச் செடியின் பூக்குழலினுள்ளே பச்சைக் கோடுகள் இருக்கும். அதன் புல்லி மடல்கள் அடியில் ஒடுங்கியிருக்கும். மடல்களுக்கு இடையே வெண்மையான சவ்வு தெரியும். சுண்ணாம்பு நிலத்துச் செடியில் பச்சைக் கோடு இராது. புல்லி மடல்கள் அடி அகன்று முக்கோணமாக இருக்கும். சுண்ணாம்பு நிலத்துச் செடிக்கு 1854இல் ‘ஜென்ஷியானா கிளூசியை’ என்று, கிளூசியஸின் பெயரே இடப்பட்டது.

கல் மாறினால் செடி ஏன் மாறுகிறது என்ற வினாவுக்கு நெகேலி என்னும் சுவிஸ் நாட்டு அறிஞர் 1865இல் நுட்பமான ஒரு விடை கூறினார். அவர் ஆராய்ந்தது அக்கிலியா என்னும் பேரினத்தைச் சேர்ந்த இரு மலைச்செடிகளை. இரண்டும் ஒரே பள்ளத்தாக்கில் இருந்தால், ஒன்று சுண்ணாம்பிலும் மற்றொன்று படலப்பாறையிலும் ஒதுங்கி நிற்கின்றன. ஆனால் ஒன்று இல்லாத பள்ளத்தாக்கில் மற்றொன்று இரு கற்களிலும் தாராளமாக வளர்கிறது. ஆகவே கல் மட்டும் தடையன்று. போட்டியும் தடை என்பது அவர் துணிபு. தனக்கு ஏற்ற கல்லில் ஒவ்வொரு செடியும் சிறிதளவு வலிமை மிகுந்து, மற்றதை வெளியே தள்ளுகிறது.

தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இது முற்றிலும் புதிய கருத்தாகத் தோன்றாது. நிலத்துக்கு நிலம் பூவை வகுத்துரைத்த மரபு தமிழ் மரபு. ஒரு நிலத்துக்குரிய பூவும் புள்ளும் வேறு நிலத்தில் வந்து தோன்றக்கூடும் என்பதையும், அப்போது அவற்றை வந்த நிலத்தோடு சார்த்திக் கொள்ளவேண்டும் என்பதையும் தொல்காப்பியம் அகத்திணையியலில் கூறுகிறது. அது பாட்டுக்கு வகுத்த இலக்கணம். தாவர நூல் அன்று. எனினும் நிலங்கள் கலக்குமிடத்தைத் தனியே நோக்கவேண்டும் என்ற எண்ணம் அதில் உண்டு. கரடிச்செவியின் புதிரும் அத்தகைய நிலக்கலப்பு ஒன்றிலேயே அவிழ்ந்தது.

கிஷ்னிட்ஸ் பள்ளத்தாக்கு

அன்டன் கெர்னர் 1831இல் ஆஸ்திரியாவின் மௌட்டர்ன் என்னும் ஊரில் பிறந்தார். மருத்துவம் பயின்றவரெனினும் தாவர ஆராய்ச்சியிலே உள்ளம் தோய்ந்தவர். 1860இல் இன்ஸ்புருக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நகருக்குத் தெற்கே, பிரென்னர் கணவாயை நோக்கிச் செல்லும் வழியில் பிரிந்து மேற்கே ஏறும் கிஷ்னிட்ஸ் பள்ளத்தாக்கு அவருக்கு மிகவும் உவப்பான இடம். அங்குள்ள திரின்ஸ் என்னும் சிற்றூரில் பிற்காலத்தில் அவர் தமக்கு வீடும் அமைத்துக்கொண்டார்.

அப்பள்ளத்தாக்கின் மலைகளில் ஒரு தனித்தன்மை உண்டு. அடியிலே பழமையான நைஸும் படலப்பாறையும். அவற்றின்மேல் தொப்பி வைத்தாற்போல் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே மலைச்சரிவில் ஏறிச் செல்பவர் ஓரிடத்தில் ஒரு கல்லைவிட்டு மற்றொரு கல்லின்மேல் கால் வைக்கிறார். அக்கோட்டுக்கு ஒருபுறம் மஞ்சள் மலர், மறுபுறம் செம்மலர். வேறு மலைகளில் நெடுந்தொலைவு பிரிந்து வாழும் இரு இனங்கள், இங்கே தேனீ பறந்து செல்லும் தொலைவில் எதிரெதிரே நிற்கின்றன.

1860-களில் கெர்னர் அவ்வெல்லையில் புதிய செடிகளைக் கண்டார். அவற்றின் இலை ஆரிக்குலாவின் இலையைவிட மெல்லியது, ஹிர்சூட்டாவின் இலையைவிடத் தடித்தது. பசை மயிர் இருந்தது. ஆனால் அடர்த்தி குறைவு. பூவின் நிறம் ஒரே படியாக இல்லை. ஒரு செடியில் ஊதா, மற்றொன்றில் செங்கல் நிறம், வேறொன்றில் வெளிறிய மஞ்சள். ஒவ்வோர் உறுப்பிலும் அச்செடிகள் இரண்டு இனங்களுக்கும் இடைப்பட்டு நின்றன. இரண்டு இனங்களும் சேர்ந்து வாழும் இடத்திலன்றிப் பிற இடங்களில் அவை தென்படவில்லை. இவை கலப்பினம் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

பின்னர் கெர்னர் கிளூசியஸின் நூலை எடுத்துப் பார்த்தார். அவர் வியன்னாவின் தோட்டத்தில் கண்டு ‘இரண்டாவது’ என்று எண்ணிட்ட செடியின் வருணனையும் தாம் கண்ட கலப்புச் செடியும் ஒன்றே என்று தெளிந்தார். இன்ஸ்புருக்கை அடுத்த மலைகளில் வளர்வது என்று அன்று சொல்லப்பட்ட செய்தி மெய்யாயிற்று. ஜாக்குவின் என்னும் வியன்னா அறிஞர் 1778இல் ‘பிரிமுலா பியூபசென்ஸ்’ என்று பெயரிட்டுத் தனியினமாகக் கொண்டதும் இக்கலப்பினமே. 1875இல் கெர்னர் கரடிச்செவியின் வரலாற்றைத் தனிக் கட்டுரையாக எழுதி, ஆல்ப்ஸ் மலைச் சங்கத்தின் இதழில் வெளியிட்டார்.

கிளூசியஸ் ஏன் அதைக் காணவில்லை என்பதும் இப்போது விளங்கிற்று. வியன்னாவை அடுத்த மலைகள் சுண்ணாம்பு மலைகள். அங்கே மஞ்சள் ஆரிக்குலா உண்டு, ஹிர்சூட்டா இல்லை. பெற்றோர் இருவருள் ஒருவர் இல்லாத இடத்தில் பிள்ளையைத் தேடியதாயிற்று அவர் தேட்டம். அவருடைய கண்ணிலோ முயற்சியிலோ குறை இல்லை. தேடிய மலைதான் வேறு.

தோட்டத்து வண்ணங்களுக்கும் இதனால் விளக்கம் கிடைத்தது. எருவும் மண்ணும் மஞ்சளைச் சிவப்பாக்கவில்லை. தோட்டத்துக்குள் நுழைந்தபோதே அச்செடி மஞ்சள் இனத்தின் குருதியையும் சிவப்பு இனத்தின் குருதியையும் ஒருங்கே உடலில் கொண்டு வந்தது. அவை தலைமுறை தலைமுறையாகப் புதிது புதிதாகக் கூடிப் பிரிந்ததே நெசவாளர் முற்றத்தில் கண்ட வண்ணக் காட்சி.

கலப்பிலிருந்து இனம் தோன்றுமா?

கெர்னரின் கண்டுபிடிப்பில் தோட்டக் கலையைவிடப் பெரிய பொருள் ஒன்று அடங்கியிருந்தது. கலப்பினங்கள் மலடானவை, நிலையற்றவை, இயற்கையின் பிழைகள் என்பது அக்காலத்தில் பலர் கருத்து. ஆனால் கரடிச்செவிக் கலப்பினமோ விதை தந்தது. 300 ஆண்டுகளாகப் பெருகி வந்தது. கலப்பினங்களிலிருந்து புதிய இனங்கள் உருவாகக் கூடுமா என்ற வினாவையே தலைப்பாக வைத்துக் கெர்னர் 1871இல் ஒரு கட்டுரை எழுதினார். கூடும் என்பதே அவர் விடை. அக்காலத்தில் இது துணிவான கருத்து. பிற்காலத்தில், பல செடியினங்கள் கலப்பின் வழியே தோன்றியவை என்பது உறுதியாயிற்று.

இவ்விடத்தில் வரலாற்றின் ஒரு விந்தையைக் குறிப்பிடவேண்டும். கலப்பின் விதிகளைக் கணக்கிட்டுக் காட்டிய கிரிகோர் மெண்டல் அதே காலத்தவர்; அதே நாட்டவர். வியன்னாவில் அவருக்குத் தாவர நூல் கற்பித்த ஆசிரியர்களுள் ஒருவர், பாறையையும் செடியையும் பற்றி எழுதிய உங்கர். பட்டாணிச் செடிகளைக் கலந்து கண்ட உண்மைகளை மெண்டல் 1866இல் வெளியிட்டார். அக்கட்டுரையின் தனிப்படிகளை அறிஞர் சிலருக்கு அனுப்பினார். அவ்வாறு பெற்றவர்களுள் கெர்னரும் ஒருவர், நெகேலியும் ஒருவர். கெர்னரிடம் சென்ற படி, ஏடுகள் பிரிக்கப்படாமலே கிடந்தது என்று பின்னர் தெரியவந்தது. ஒரே காயின் விதைகள் ஏன் பல நிறங்களாகப் பூக்கின்றன என்ற வினாவுக்கு விடை அவர் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. உலகம் மெண்டலை உணர்ந்தது 1900ஆம் ஆண்டில்தான். கெர்னர் அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1898இல் மறைந்துவிட்டார்.

எனினும் கெர்னர் சோதித்துப் பார்க்காமல் நம்புபவர் அல்லர். திரின்ஸுக்கு மேலே உள்ள பிளாசர் என்னும் மலையில், 2,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில், 1870-களில் அவர் ஒரு சோதனைத் தோட்டம் அமைத்தார். தாழ்நிலத்துச் செடிகளின் விதைகளை அங்கே விதைத்து, உயரமும் குளிரும் கடுங்கதிரும் அவற்றை எவ்வாறு மாற்றுகின்றன என்று பார்த்தார். செடிகள் குட்டையாயின, நிறம் அழுத்தமாயிற்று. ஆனால் அவற்றின் விதைகளைத் தாழ்நிலத்தில் போட்டபோது பழைய உருவமே திரும்பிற்று. இடம் செடியின் தோற்றத்தைச் சிறிது மாற்றலாம். அம்மாற்றம் பிள்ளைக்குச் செல்லவில்லை. தோட்டத்து மண் மஞ்சளைச் சிவப்பாக்கிற்று என்ற பழைய நம்பிக்கை இதனால் மேலும் வலிமை இழந்தது.

பிற்கால ஆராய்ச்சி

கரடிச்செவியோடு உறவுடைய ஐரோப்பிய மலைச்செடிகள் ஏறத்தாழ 25 இனங்கள் என்று கணக்கிடப்படுகின்றன. 2004இல் வெளியான மரபணு ஆய்வுகள், இவ்வினங்களின் பெரும்பகுதி பனியூழிகள் மாறி மாறி வந்த குவாட்டர்னரி காலத்தில் கிளைத்தவை என்று காட்டின. உறைபனி பள்ளத்தாக்குகளை நிரப்பியபோது செடிகள் ஓரத்து மலைகளில் ஒதுங்கின; ஒவ்வொரு கூட்டமும் தனித்தனியே மாறிற்று. பனி விலகியபோது மீண்டும் பரவிச் சந்தித்தன. பிரிந்து நெடுங்காலம் ஆகாத காரணத்தால், சந்தித்த இடத்தில் கலக்கவும் முடிந்தது. ஆரிக்குலாவும் ஹிர்சூட்டாவும் கிஷ்னிட்ஸில் கலந்தது இவ்வாறே.

அவ்வாய்வுகளின் மற்றொரு முடிவு, லின்னேயஸின் மஞ்சள் மலருக்குள்ளேயே இரண்டு கிளைகள் உண்டு என்பது. வடபுறத்துச் செடிகளுக்கு ஆரிக்குலா என்ற பெயரை வைத்துக்கொண்டு, தென்புறத்துச் செடிகளுக்குப் பிரிமுலா லூட்டியா என்ற பெயரை ஆய்வாளர் வழங்குகின்றனர். எல்லா நூலாரும் இப்பிரிவை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆகவே இம்மலர்களைப் பிரித்தறியும் வேலை கிளூசியஸோடும் தொடங்கிற்று என்றோ கெர்னரோடு முடிந்தது என்றோ சொல்வதற்கில்லை.

பிரித்தறிவதன் பயன்

ஒரு சாண் உயரச் செடியின் இலை விளிம்பையும் மயிர் நுனியையும் இவ்வளவு கூர்ந்து பார்ப்பதனால் என்ன பயன் என்று கேட்கலாம். இவ்வரலாறே அதற்கு விடை. ஆரிக்குலாவையும் ஹிர்சூட்டாவையும் வெவ்வேறு இனங்களாகத் தெளிவாகப் பிரித்து அறிந்த பின்னரே, மூன்றாவது செடி அவ்விரண்டின் பிள்ளை என்பது தெரிந்தது. பிரித்து அறியாதவரையில் உறவும் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒன்றென்று கொண்ட காலத்தில், கோடிக்கணக்கான தோட்டச் செடிகளுக்குத் தாய் மட்டுமே இருந்தாள். தந்தையின் பெயர் எவர்க்கும் தெரியாது.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. இன்ஸ்புருக்கை அடுத்த மலைகளில் அச்செடி உண்டு என்ற செய்தி கிளூசியஸின் காதுக்கு 16ஆம் நூற்றாண்டிலேயே எட்டிவிட்டது. அச்செய்திக்கு மூலமான மலைமக்களின் பெயர்கள் எந்நூலிலும் இல்லை. அவர்களுக்கு இலத்தீன் பெயர்களும் தெரியா. கலப்பினம் என்ற கருத்தும் தெரியாது. ஆனால் எந்தச் சரிவில், எந்தப் பாறையில் எந்தப் பூ பூக்கும் என்பது தெரியும். அவர்கள் சொன்னது சரியாகவே இருந்தது. அதனைச் சரியென்று காட்ட, அம்மலையின்மேல் ஒரு பேராசிரியர் ஏறவேண்டியிருந்தது. அதற்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் காத்திருக்கவும் வேண்டியிருந்தது.